மூக்குத் தண்டு வளைவுக்கு எந்த ஆபரேஷன் நல்லது?

கீழக்கரையில் சங்கு குளிக்கும் உங்கள் தம்பிக்கு மூக்கின் நடுத்தண்டு (இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர்) வளைந்திருக்கிறது, எந்த ஆபரேஷன் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழைய எஸ்.எம்.ஆர். (சப்மியூகஸ் ரிசெக்ஷன்) ஆபரேஷன் முறையில் குருத்தெலும்பைப் பெருமளவு வெட்டி எடுத்துவிட்டு, மேலேயும் முன்னேயும் சுமார் 1 செ.மீ. பட்டையை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்தப் பட்டை பலவீனமானால் மூக்கின் வெளி மேடு குதிரைச் சேணம்போல் அமுங்கிவிடும். செப்டோபிளாஸ்டி என்ற இன்னொரு ஆபரேஷனில் வளைந்த இடத்தை மட்டும் சரிசெய்து மிச்சத்தைக் காப்பாற்றுவார்கள். நான் இதைத்தான் சொல்வேன். உள்ளே பின்பக்கம் முள்போல் துருத்தியிருந்தால் எண்டோஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) நல்லது, திரையில் பார்த்தே எடுக்கலாம். மூக்கு நுனிப்பக்க வளைவுக்கு அது மட்டும் போதாது.

அப்புறம், முங்கும்போது மூக்கைப் பிடித்துக் காற்றை அழுத்திக் காதடைப்பை விடுவிப்பாரே, புண் ஆறுமுன் அதைச் செய்தால் ரத்தம் கசியலாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கடலில் இறங்க விடாதீர்கள்.