கண்மாயில் தனியாக நீந்தலாமா?

“நகரத்து நீச்சல் குளத்தில் பழகி, இப்போது ஒரு கிலோமீட்டர் நிற்காமல் நீந்துகிறேன். ஊருக்கே திரும்பிவிட்டதால், தினமும் காலையில் எங்கள் கண்மாயில் தனியாக நீந்தலாமா?” என்று மதுரை மாவட்டத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

உங்கள் நீச்சலில் எனக்கு ஐயமில்லை. கண்மாயின் தரையில்தான் ஐயம். கோடையில் வண்டல் அள்ளிய குழிகள் மழை வந்ததும் நீருக்குள் மறைந்துவிடுவதால், இடுப்பளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியில் இரண்டாள் ஆழத்துக்குப் போய்விடுவது உண்டு. இயந்திரம் வெட்டிய குழியின் விளிம்பு செங்குத்தாக இருக்கும். பிடித்து ஏற முயன்றால் களிமண்தான் கையோடு பெயர்ந்து வரும். ஆகவே கண்மாயை அறிய உகந்த காலம் அது வற்றிக் கிடக்கும் கோடையே. அப்போது உள்ளே நடந்து, குழிகளும் கருவேலத் தூர்களும் எங்கே என்று பார்த்து, கரையிலுள்ள பனையையோ கோயிலையோ அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நீர் நிறைந்திருந்தால் மீன் குத்தகைக்காரரைக் கேளுங்கள். வலை கட்டிய இடத்தையும் அவரே சொல்வார்.

அடுத்தது, கரைக்கு அடியில் வயலுக்கு நீர் விடும் மடை. அது திறந்திருக்கும்போதும் நீரின் மேற்பரப்பு அசையாமலே தோன்றும். ஆனால், 10 அடி ஆழத்தில் ஓரடிச் சதுரத் திறப்பை ஓர் உடல் அடைத்து, மறுபுறம் நீரின்றி இருந்தால், அதன்மேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 280 கிலோ எடைக்குச் சமம். நீருக்குள் மூச்சடக்கி அதை எதிர்த்து யாரும் மீள முடியாது. மடையைவிட்டு 50 மீட்டராவது தள்ளியே நீந்துங்கள். கண்மாய் நிறைந்து, உபரி நீரை வெளியேற்றும் கலுங்கு பாயும் நாளில் இறங்கவே வேண்டாம்.

தனியாக நீந்துவது கூடாது. துணைக்கு வருபவருக்கு நீச்சல் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. அவர் கரையில் நின்று கவனித்தால் போதும். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனில் கால் லிட்டர் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, கைப்பிடியில் நீளமான கயிறு கட்டி, நீங்கள் தத்தளித்தால் எறிவதற்காக அவரிடம் கொடுத்துவையுங்கள். வெறும் கேன் காற்றில் திரும்பிவிடும். கொஞ்சம் நீர் இருந்தால்தான் எறிந்த இடத்தில் போய் விழும். நீங்களும் இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவையைக் கட்டிக்கொண்டு, நடுக் கண்மாயை நோக்கிப் போகாமல் கரையை ஒட்டியே நீந்துங்கள். பாசி காலைச் சுற்றினால் உதறாதீர்கள். உதற உதற இறுகும். மல்லாந்து மிதந்து, கையால் மெல்ல விலக்கி, வந்த வழியே திரும்புங்கள்.

மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதனால் பயனில்லை, வீணாவது நேரம்தான். மூச்சில்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நடுமார்பில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். கூடவே ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். துணைக்கு வருபவர் இதை முன்பே பயின்றிருப்பது நல்லது.

ஆறாத புண் இருந்தாலோ, நீர்மேல் பச்சைச் சாயம் ஊற்றியதுபோல் ஏடு படர்ந்திருந்தாலோ அன்று நீச்சலை விட்டுவிடுங்கள். நீந்திய சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கண்மாயில் நீந்தியதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.