எலிக்சிரும் எர்லாங்கும் ஒன்றையொன்று கூப்பிட: கேள்வி பதில்

எலிக்சிர், எர்லாங் இரண்டும் நிரல் மொழிகள். கோலாலம்பூர், பினாங்கு பக்கம் எலிக்சிர் எழுதும் நம் ஆட்கள் கேட்டவை இவை, கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செந்தூல்: அக்கா, எங்கள் ஆபிஸில் பழைய எர்லாங் லைப்ரரி ஒன்று இருக்கிறது. எலிக்சிரிலிருந்து அதைக் கூப்பிட நடுவில் ஏதாவது எழுத வேண்டுமா?

எதுவும் வேண்டாம் தம்பி. கம்பைல் ஆனதும் இரண்டுமே பீம் என்ற மெய்நிகர் மெஷினில் ஓடும் பைட்கோட்தான். எர்லாங் மாட்யூல் பெயருக்கு முன்னால் கோலன், பின்னால் ஒரு புள்ளி, அப்புறம் ஃபங்க்ஷன் பெயர். அவ்வளவுதான், வேகமும் குறையாது. எர்லாங் ஃபைல்களை எஸ்ஆர்சி (src) ஃபோல்டரில் வைத்தால் எலிக்சிரின் பில்ட் கருவியான மிக்ஸே கம்பைல் செய்துவிடும்.

கிள்ளான்: எர்லாங்கிலிருந்து எலிக்சிரைக் கூப்பிட்டால் அப்படி ஒரு ஃபங்க்ஷனே இல்லை என்கிறதே?

எலிக்சிர் மாட்யூலின் உண்மைப் பெயர் 'எலிக்சிர்' என்று தொடங்கி, ஒரு புள்ளிக்குப் பிறகு நீங்கள் வைத்த பெயரோடு முடியும். அந்த முழுப் பெயரையும் ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். ஆச்சரியக்குறியிலோ கேள்விக்குறியிலோ முடியும் ஃபங்க்ஷன் பெயருக்கும் மேற்கோள் வேண்டும். நீங்கள் கூப்பிடுவது மேக்ரோ (கம்பைல் நேரத்தில் கோடை எழுதித் தருவது) என்றால் இப்படிக் கூப்பிட முடியாது, அது கம்பைல் நேரத்திலேயே கரைந்துவிடும். அதைச் சுற்றி எலிக்சிரில் ஒரு சாதாரண ஃபங்க்ஷன் எழுதி அதைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் சர்வரில் மட்டும் இந்தப் பிழை வந்தால், ரிலீசில் (சர்வருக்கு அனுப்பும் தொகுப்பில்) எலிக்சிர் அப்ளிகேஷன் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாயான் லெப்பாஸ்: அக்கா, எர்லாங் லைப்ரரி தரும் பெயர்களை பைனரியாக (பைட்களின் வரிசையாக) மாற்றுகிறேன். மலாய்ப் பெயர்கள் சரியாக வருகின்றன. தமிழ்ப் பெயர் வந்தால் மட்டும் ஆர்க்யுமெண்ட் எரர். ஏன்?

நான் எதிர்பார்த்த கேள்வி. இந்த இரண்டு மொழிகள் சேரும் இடத்தில் நம்மை அதிகம் படுத்துவது இதுதான்.

இரட்டை மேற்கோளுக்கு எலிக்சிரில் ஒரு பொருள், எர்லாங்கில் வேறு பொருள். இரட்டை மேற்கோளுக்குள் தமிழ் என்று எழுதினால், எலிக்சிரில் அது 15 பைட் கொண்ட யூடிஎஃப்-8 பைனரி. எர்லாங்கில் அதுவே 5 யூனிகோட் எண்கள் கொண்ட லிஸ்ட். எலிக்சிரிடம் நீளம் கேட்டால் நாம் எண்ணுவது போலவே 3 எழுத்து என்று சொல்லும்.

நீங்கள் எர்லாங்கின் லிஸ்ட்_டூ_பைனரியைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது லிஸ்டிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒரு பைட்டாக எடுத்துக்கொள்ளும். 255-ஐத் தாண்டினால் பிழைதான். மலாய் எழுதும் ரூமி (ஆங்கில) எழுத்துகளின் எண்கள் 128-க்குள் அடங்கிவிடும். தமிழ் எழுத்துகளுக்கான இடமோ 2944-இல்தான் தொடங்குகிறது. எலிக்சிரின் லிஸ்ட் மாட்யூலிலுள்ள டூ_ஸ்ட்ரிங், அல்லது எர்லாங்கின் யூனிகோட் மாட்யூலிலுள்ள கேரக்டர்ஸ்_டூ_பைனரி, இரண்டில் ஒன்றுக்கு மாறுங்கள்.

பிழை வந்ததே உங்களுக்கு நல்லது. எர்லாங் கோடில் தமிழை நேராக பைனரியாக எழுதி, யூடிஎஃப்-8 என்று குறிப்பிட மறந்தால், ஒவ்வொரு எண்ணின் கடைசி 8 பிட் மட்டும் மிஞ்சும். கோட் ஓடும், டேட்டாபேஸில் குப்பை சேரும். உங்கள் டெஸ்ட்டில் கட்டாயம் ஒரு தமிழ்ப் பெயரும் ஒரு சீனப் பெயரும் இருக்கட்டும். நம் ஊர் மக்களின் பெயரை நாமே சிதைக்கக் கூடாது.

சுபாங் ஜெயா: மதிப்பு இல்லாதபோதும் என் இஃப் உள்ளே போகிறது.

எர்லாங் லைப்ரரிகள் 'இல்லை' என்பதற்குப் பெரும்பாலும் அன்டிஃபைன்ட் (undefined) என்ற ஆட்டமை (atom, பெயரே மதிப்பாக இருப்பது) தரும். எலிக்சிர் பொய்யாகக் கொள்வது நில் (nil), ஃபால்ஸ் (false) இரண்டை மட்டுமே. மற்றதெல்லாம் அதற்கு உண்மை. லைப்ரரியைத் தொடும் இடத்திலேயே ஒரு சின்ன ஃபங்க்ஷன் வைத்து அன்டிஃபைன்டை நில்லாக மாற்றிவிடுங்கள்.

பெட்டாலிங் ஜெயா: எர்லாங்கின் லிஸ்ட்ஸ் மாட்யூலிலுள்ள மேப் ஏன் எலிக்சிரின் பைப்பில் (முன் வந்த மதிப்பை அடுத்த ஃபங்க்ஷனுக்குத் தருவது) உட்கார மாட்டேன் என்கிறது?

அது முதலில் ஃபங்க்ஷனைக் கேட்கிறது, பைப் முதல் இடத்தில் லிஸ்டைத் தள்ளுகிறது. எலிக்சிரின் ஈனம் (Enum) மாட்யூலிலுள்ள மேப்பைப் போடுங்கள், சரியாகிவிடும்.

பட்டர்வொர்த்: 2024-இல் கிளீம் என்ற மொழியின் 1.0 வந்ததே, அதுவும் பீமில் ஓடுகிறது. அதில் டைப் சோதனை இருப்பதால் இந்தத் தொல்லைகள் தீருமா?

கிளீமுக்குள் தீரும். வெளியே உள்ள எர்லாங் ஃபங்க்ஷனை அறிவிக்கும்போது டைப்பை நீங்கள்தான் எழுதுகிறீர்கள், கம்பைலர் அதை அப்படியே நம்பிவிடுகிறது. ஸ்ட்ரிங் வரும் என்று நீங்கள் எழுதிய இடத்தில் லிஸ்ட் வந்தால், ஓடும்போதுதான் தெரியும். ஆகவே அறிவித்த ஒவ்வொரு வெளி ஃபங்க்ஷனுக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள்.