பதில்: அன்பியத்துல அமைதி நேரம் வந்தா எனக்கு ஒண்ணுமே கேக்கல

அன்பியத்துல (பக்கத்து பக்கத்து கத்தோலிக்க குடும்பங்க சேர்ந்து ஜெபிக்கிற சின்ன குழு) பைபிள் வாசிச்சப்புறம் வர்ற அமைதி நேரத்துல கடவுள் பேசுறது ஒண்ணுமே கேக்கலன்னு எழுதியிருந்தீங்க. அமைதி நேரத்த கூட்டாதீங்க, அதுக்கு முன்னாடி உள்ள மூணாவது படிய விடாம செய்யுங்க. குழுவா பைபிள் வாசிச்சு பகிர்ற ஏழு படி முறையில வாசிச்சு முடிச்ச உடனே அமைதி கிடையாது, அவங்கவங்க மனசுல பட்ட ஒரு வார்த்தையோ சின்ன வரியோ சத்தமா ரெண்டு மூணு தடவ சொல்லணும், நடுவுல இடைவெளி விட்டு, அதுக்கப்புறம்தான் நாலாவது படியான அமைதி. நேரமாச்சுன்னு நம்மாளுங்க இதத்தான் தாண்டுவாங்க (டீ மட்டும் தாண்ட மாட்டாங்க).

கேரள எல்லைல உள்ள உங்க பாறசாலை குரூப்ல பாதிப்பேருக்கு மலையாளம், பாதிப்பேருக்கு தமிழ், வாசிப்பு மலையாளத்துல ஒரே தடவன்னு எழுதியிருக்கீங்களே, அதான் காரணமா இருக்கும்னு தோணுது. வசனமே உள்ள போகாம கண்ண மூடுனா ரப்பர் பால் வெலதான் ஞாபகத்துக்கு வரும். எல்லைக்கு இந்தப் பக்கம் களியக்காவிளைல எங்களுக்கும் இதே கததான்.

அடுத்த வாரம் மாற்கு 4:35-41 (இயேசு கடல்ல புயல அடக்குற பகுதி) எடுத்து ரெண்டு மொழிலயும் வாசிச்சு பாருங்க. அமைதி மூணு நிமிஷம் போதும். முடிஞ்சதும் எந்த வார்த்த நின்னுச்சுன்னு கேளுங்க, நாலு பேராவது சொன்னா சரியான வழிதான்.

ஒண்ணு மட்டும், அஞ்சாவது படி பகிர்வுல யாராவது "கர்த்தர் உனக்கு இப்படி சொல்லச் சொன்னார்"னு கல்யாணம், நெலம் விக்கிற விஷயம் எல்லாம் ஆரம்பிச்சா அத அங்கேயே முடிவு பண்ணாதீங்க, பங்குத்தந்தைகிட்ட தனியா பேசிட்டு பண்ணுங்க.