நாராயண குருவும் கோவில்களும்: கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேரளத்துத் துறவி நாராயண குருவைச் சாதி எதிர்ப்பாளர் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். ஆனால் அவர் ஊர் ஊராகக் கோவில் கட்டியவர். சாதியைக் கட்டிக்காத்ததே கோவில்தானே? போதாததற்கு, இன்று அவரையே சிலையாக வைத்துக் கும்பிடுகிறார்கள். இது முரண்பாடு இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அன்றைய திருவிதாங்கூரை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். குரு பிறந்த சாதியான ஈழவர்கள் பெருங்கோவில்களுக்குள் போக முடியாது. சுற்றியுள்ள தெருக்களில் நடக்கவும் பல இடங்களில் தடை. மருத்துவம் படித்துத் தேறிய ஈழவரான டாக்டர் பல்புவுக்கே அரசு வேலை மறுக்கப்பட்டு, அவர் மைசூருக்குப் போய்ப் பிழைக்க வேண்டியிருந்தது.

1888இல் சிவராத்திரி இரவில், அருவிப்புறத்தில், நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்து குரு தம் கையாலேயே சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிரதிஷ்டை செய்யும் உரிமை கொண்ட பிராமணத் தந்திரி யாரும் இல்லை. இதற்கு உனக்கு என்ன உரிமை என்று கேட்டு வந்தவர்களிடம், தாம் வைத்தது ஈழவச் சிவனை என்று சொன்னாராம். குறும்பும் சண்டையும் கலந்த பதில். உள்ளே வர அனுமதி கேட்டிருந்தால், அனுமதி கொடுப்பவரின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். அவர் தெய்வத்தை நிறுவும் அதிகாரத்தையே எடுத்துக்கொண்டார். வைதிகர்களுக்கு வலித்தது அங்கேதான்.

கோவிலோடு அவர் நின்றுவிடவும் இல்லை. இனிக் கோவில் கட்ட மக்களை ஊக்குவிக்க வேண்டாம், கல்விக்கூடமே முதன்மையான கோவிலாக வேண்டும் என்று 1917இல் அறிவித்தார். ஜனங்கள் விட்டால்தானே! கேட்டு வந்தவர்களுக்குப் பிறகும் செய்துகொடுத்தார். ஆனால் வைத்த பொருள் மாறியது. காரமுக்கில் விளக்கு. முருக்கும்புழையில் சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற எழுத்துகள். 1927இல் களவங்கோட்டில் ஒரு கண்ணாடி. பின்பக்க ரசத்தைச் சுரண்டி ‘ஓம் சாந்தி’ என்று எழுதியது. விக்கிரகம் வேண்டும் என்று ஒரு தரப்பும், கூடவே கூடாது என்று இளைஞர்களும் அங்கே மல்லுக்கு நின்றிருந்தார்கள். கண்ணாடிக்கு இன்று ஆளுக்கொரு தத்துவ விளக்கம் தருகிறார்கள். எனக்கு அது முதலில் நல்ல பஞ்சாயத்துத் தீர்ப்பாகவே படுகிறது.

சிலை விஷயம் உண்மைதான். தலசேரி ஜகந்நாதர் கோவிலில் அவர் உயிரோடிருந்தபோதே, அதே 1927இல், அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். கும்பிடுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அந்தச் சிலைக்கு மாலை போட்ட கையோடு சாதி பார்த்துச் சம்பந்தம் பேசப் போகிறவர்களிடம் உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.