கடையில் மின்னிய பட்டு வீட்டில் மங்குவது ஏன்?

கேள்வி: தங்கை கல்யாணத்துக்காக மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். விலை 14,500 ரூபாய். கடையில் விரித்துப் போட்டபோது அப்படி மின்னியது. வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் பிரித்தால் சப்பென்று இருக்கிறது. பேக் செய்யும்போது வேறு புடவையை வைத்துவிட்டார்களா? ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் வேறு அச்சடித்திருக்கிறார்கள்.
— வாசகி, திருச்சி

பதில்: புடவை மாறியிருக்க வாய்ப்பு குறைவு. மாறியது வெளிச்சம். ஒரு துணி பளபளப்பானதா என்பதை, அதன்மேல் தெரியும் ஒளித்தெறிப்புகளை வைத்துத்தான் கண் முடிவு செய்கிறது. கடைக் கூரையில் இருப்பவை சின்னச் சின்ன ஸ்பாட் லைட்டுகள். ஒவ்வொன்றும் மடிப்பின் முகட்டில் கூரான ஒரு மினுக்கைப் போடும். வீட்டு டியூப்லைட்டோ நீளமானது. அதன் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டு நாலாபக்கமும் பரவி வருகிறது. மினுக்கு கரைந்துவிடுகிறது.

ஃபிளெமிங், டிரார், ஏடல்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2003இல் இதைச் சோதித்தார்கள். ஒற்றை விளக்கின் கீழ் பார்ப்பதைவிட, நிஜ இடங்களில் இருக்கும் இயல்பான வெளிச்சத்தில் மனிதக் கண் பளபளப்பைச் சரியாகக் கணிக்கிறது என்று கண்டார்கள். அதனால்தான் புடவையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தயங்காமல் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

இப்போதும் ஒன்று செய்யலாம். பகலில் ஜன்னலோரம் நின்று, முந்தானையை ஒரு சாண் அளவுக்கு மடித்து, மடிப்பை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மயில்கழுத்தில் பாவு (நீளவாட்டில் ஓடும் இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கே ஓடும் இழை) ஒரு நிறம். சாய்க்கச் சாய்க்க நீலம் பின்வாங்கிப் பச்சை மேலே வரவேண்டும். பட்டிழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருப்பதால், ஒளி பட்டையாக ஓடி, மென்மையாகத் தேய்ந்து மறையும். மலிவான பாலியெஸ்டரில் பெரும்பாலும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே வெளுத்த பளிச்.

ஆனால் கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டு நிற ஜாலம் பாலியெஸ்டர் நெசவிலும் வரும். ரேயான் நூலில் நெய்த நல்ல ஆர்ட் சில்க், அதாவது செயற்கைப் பட்டு, அனுபவசாலியையே ஏமாற்றும். பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை உருவித் தனித்தனியாகக் கொளுத்துங்கள். ஒன்றில் மட்டும் பட்டு வைத்து நெய்வதும் உண்டு. பட்டு, முடி கருகும் வாடை வீசும். சாம்பல் விரலில் நசுங்கும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ஆர்ட் சில்க் காகிதம்போல எரியும். தூய பட்டு என்பதற்கான சில்க் மார்க் ஹாலோகிராம் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு இழையும் பட்டுதான் என்றால் கடைமேல் குற்றமில்லை. மாற்றித் தரும்படி கேட்கலாம், உரிமையாகக் கோர முடியாது. பில்லில் ‘தூய பட்டு’ என்று எழுதி வேறு நூலைக் கொடுத்திருந்தால் கதை வேறு. பில்லில் அச்சடித்த அந்த வரி அங்கே செல்லாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதுவரை புடவைக்கு ஃபால்ஸ் தைக்கவேண்டாம்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் போட்டோ பார்த்துப் பட்டுப்புடவை வாங்கலாமா?
— வாசகர், சேலம்

பதில்: போட்டோவை மட்டும் பார்த்து வேண்டாம். பளபளக்கும் பரப்பில் மினுக்கு விழும் இடம் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு வேறு. இந்தச் சின்ன வித்தியாசத்தையும் மூளை பளபளப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது என்று பிளேக், பியூல்ட்ஹாஃப் இருவரும் 1990இல் காட்டினார்கள். நாம் அசையும்போது மினுக்கும் நகரும். போட்டோ ஒற்றைக்கண், அசையாதது. இரண்டு தடயமும் அதில் இல்லை. போதாததற்கு ஃபில்டர் வேறு.

வீடியோ கேளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், விளக்கை அணைத்துவிட்டு, முந்தானையை மெல்ல மடித்து விரிக்கச் சொல்லுங்கள். முப்பது விநாடி போதும். அதற்கும் மறுப்பவரிடம் பணம் அனுப்பாதீர்கள்.