சவூதியில் நர்ஸாக வேலை செய்த எனக்கு இங்கிலாந்தில் பதிவு கிடைக்குமா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாகர்கோவிலில் இரண்டு ஆண்டும் சவூதியில் ஆறு ஆண்டும் வேலை செய்திருக்கிறேன். இங்கிலாந்துக்குப் போனால் என் படிப்பும் அனுபவமும் செல்லுமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

சகோதரி, படிப்பு செல்லும். மறுபடி கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. அனுபவத்தை மட்டும் அங்கே அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேர்வு எழுதித்தான் காட்ட வேண்டும். நான் குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். நாகர்கோவில், சவூதி என்று உங்களைப் போலவே சுற்றி, இப்போது இங்கிலாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தேர்வுகளைவிட என்னை அதிகம் அலைய வைத்தவை காகிதங்கள்தான். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சவூதிக்குப் போகும்போது, சான்றிதழ்கள் உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சரிபார்ப்பை முடித்திருப்பீர்கள். பல்கலைக்கழகம், செவிலியர் கவுன்சில், பழைய மருத்துவமனை என ஒவ்வோர் இடத்துக்கும் நேராக எழுதி, இவர் இங்கே படித்தாரா, வேலை செய்தாரா என்று கேட்பார்கள். நான் முதலில் வேலை செய்த தனியார் மருத்துவமனையிலிருந்து அதற்குப் பதிலே போகவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு நேரில் போனேன். என்னை வேலைக்கு எடுத்த மேலாளர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அலுவலகத்தில் இருந்த தம்பிக்கு என்னைத் தெரியவில்லை. என் கோப்பும் இல்லை என்று சொல்லிவிட்டார். வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்து, "ஐ.சி.யு.வில் நைட் டியூட்டி பார்த்த பிள்ளை அல்லவா?" என்று கேட்டார். அதன் பிறகுதான் மாடிப்படிக்கு அடியில் கட்டிப் போட்டிருந்த வருகைப் பதிவேடுகளை எடுத்தார்கள். மழை ஈரம் ஏறி, நீல மை பக்கத்துக்குப் பக்கம் ஊறியிருந்தது. ஆனாலும் என் கையெழுத்து நாள் தவறாமல் இருந்தது. பிறகு கணினியில் தேடியபோது, சரிபார்ப்புக் கடிதம் விளம்பர மின்னஞ்சல்களுக்கு நடுவே திறக்கப்படாமலே கிடந்தது. அந்த அக்கா அன்று விடுப்பில் இருந்திருந்தால் என் இரண்டு ஆண்டு வேலைக்குச் சாட்சி சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது.

அதனால் உங்களைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கும்போதே அனுபவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். 'ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரி போதாது. எந்த வார்டு, எத்தனை படுக்கை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எல்லாம் இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் பெயர். நம் ஊரில் அப்பா பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக விரிந்துவிடும். என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயரின் கடைசியில் 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது, பாஸ்போர்ட்டில் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காகத் தக்கலையில் நோட்டரியிடம் போய், இரு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கினேன். உங்கள் காகிதங்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் உங்கள் பதிவைச் சென்னை சாந்தோமில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில்தான் உறுதி செய்ய வேண்டும். புதுப்பிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூருவிலும் கேரளத்திலும் படித்தவர்கள். அவர்கள் அந்தந்த மாநிலக் கவுன்சிலை அணுக வேண்டியிருக்கும். சவூதியை விட்டுக் கிளம்பும் முன் அங்கே போலீஸ் சான்றிதழை வாங்கிவிடுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடு ஒவ்வொன்றிலிருந்தும் இங்கிலாந்து விசாவுக்கு அது வேண்டும். ஊருக்கு வந்துவிட்டு அதை வாங்க அலைவது பெரும்பாடு.

இனித் தேர்வு. அங்கே பதிவு தருவது என்.எம்.சி. எனப்படும் செவிலியர் மற்றும் தாதியர் மன்றம். நம் நாட்டு மருத்துவ ஆணையத்துக்கும் அதே சுருக்கப் பெயர் இருப்பதால் இணையத்தில் தேடும்போது குழம்ப வேண்டாம். ஆங்கிலத்துக்கு இரண்டு தேர்வுகளில் ஒன்றை எழுதலாம். பொதுவான ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் எழுத்தில் 6.5, கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 7. மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. என்றால் எழுத்தில் சி பிளஸ், மற்றவற்றில் பி. நான் ஓ.இ.டி.தான் எழுதினேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். நோயாளியை இன்னொரு மருத்துவரிடம் அனுப்பும் கடிதத்தை எழுத நர்ஸுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கணினித் தேர்வான சி.பி.டி.யில் மருந்துக் கணக்கு ஒரு பகுதி, நர்சிங் பாடம் ஒரு பகுதி. இதை இந்தியாவிலேயே எழுதலாம்.

கடைசியாக ஆஸ்கி (OSCE). இது பத்து நிலையங்களைக் கொண்ட செய்முறைத் தேர்வு, இங்கிலாந்துக்குப் போன பிறகு நடக்கும். எட்டு ஆண்டு ஐ.சி.யு.வில் இருந்தவள் என்ற நம்பிக்கையோடு பயிற்சிக்குப் போனேன். முதல் மாதிரித் தேர்விலேயே தோற்றேன். மருந்தைச் சரியாகக் கொடுத்தேன், ஆனால் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்துப் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கவில்லை. மருந்து ஒவ்வாமை உண்டா என்றும் கேட்கவில்லை. நம் வார்டில் 'நாலாம் பெட் அம்மா' என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே கையைக் கழுவி, பெயர் சொல்லி, அனுமதி கேட்டு, ஒவ்வாமை விசாரித்த பிறகுதான் மருந்து. அது சரியான முறை என்றே இப்போது நினைக்கிறேன். வீட்டில் என் அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, தினமும் அதே வரிசையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருந்தால் அந்தத் தோல்வியே வந்திருக்காது. நீங்கள் இப்போதே பழகுங்கள்.

பதிவு கிடைத்ததும் பெரும்பாலும் 'பேண்ட் 5' எனப்படும் ஐந்தாம் நிலைச் சம்பளத்தில்தான் தொடங்குவார்கள். நேற்றுப் படித்து முடித்தவரும் நாமும் ஒரே நிலை. எனக்கு அது வலித்தது, உங்களுக்கும் வலிக்கும். முந்தைய அனுபவத்துக்காக அதே நிலைக்குள் ஒரு படி கூடுதல் சம்பளம் தருவார்களா என்று வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வேலை வாங்கித் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் ஆள்சேர்ப்பு விதி. வீட்டுப் பத்திரத்தையும் அம்மாவின் நகையையும் அடகு வைத்துவிட்டு வந்தவர்களுடன் ஒரே அறையில் தங்கியிருக்கிறேன். ஆஸ்கி கட்டணம் 794 பவுண்டு. பல மருத்துவமனைகள் அதைத் தாங்களே கட்டிவிடுகின்றன. நேர்காணலில் தயங்காமல் கேளுங்கள்.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக நாகர்கோவில் மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் கோப்பு இருக்கிறதா, சரிபார்ப்புக் கடிதம் எந்த மின்னஞ்சலுக்கு வரும், அதை யார் திறப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.