சிஸ்டர்மார் வீட்டில் ஒரு வாரம் தங்கலாமா, அக்கா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பாலர் பள்ளி நடத்தும் சிஸ்டர்மாருக்குப் பல வருடமாக ஒத்தாசையாக இருக்கிறேன். பள்ளி விடுமுறையில் தங்கள் வீட்டுக்கே வந்து ஒரு வாரம் தங்கச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நாங்கள் மாரியம்மன் கோயில் குடும்பம். "போனால் ஞானஸ்நானம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்" என்கிறார் மாமியார். போகலாமா? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?
- வாசகி, பாகான் செராய்

பதில்: போய் வா, தங்கச்சி. மாமியாரின் பயத்தை முதலில் பார்ப்போம். கத்தோலிக்கத்தில் பெரியவர் ஒருவர் ஞானஸ்நானம் பெற வேண்டுமானால் அவரே வாய் திறந்து கேட்க வேண்டும். அப்புறம் மாதக்கணக்கில் வகுப்பு. பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்திய இரவுப் பூசையில்தான் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு வாரத்தில் கைதவறி யாரும் வேதத்தில் சேர்ந்துவிட முடியாது. சமய விஷயத்தில் ஒருவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல் எழுதியே வைத்திருக்கிறது. இதற்கும் அவர் சமாதானமாகாவிட்டால் ஒரு நாள் சாயங்காலம் அவரையும் அங்கே தேத்தண்ணிக்குக் கூட்டிப் போ. மூட்டுவலிப் பேச்சு ஆரம்பித்தால் மாமியார்களையும் சிஸ்டர்மாரையும் பிரிப்பது கஷ்டம்.

நானும் திருநீறு பூசுகிறவள்தான். தோட்டப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன். நெற்றியைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

விடியுமுன்னே மணி அடிக்கும். சின்னக் கோயிலில் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்கார்ந்து பைபிளில் உள்ள சங்கீதங்கள் என்ற செபப் பாட்டுகளை மாறி மாறிச் சொல்வார்கள். மொத்தம் 150 இருக்கிறது. அநேகமாக எல்லாமே நான்கு வாரச் சுற்றில் வந்துவிடும். வரிக்கு நடுவில் கொஞ்சம் நிறுத்துவார்கள். அந்த இடத்தில்தான் புதிதாக வந்தவர் குரல் மட்டும் தனியாக ஓடும். பரவாயில்லை, சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

பூசையில் அவர்கள் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். நற்கருணை என்ற அப்பத்தைக் கொடுக்கும்போது மட்டும் போய்க் கையை நீட்டாதே. நம் ஆட்கள் சிலர் பிரசாதம் என்று நினைத்து வரிசையில் நின்றுவிடுவார்கள். அது ஞானஸ்நானம் பெற்று அந்த விசுவாசத்தில் இருப்பவர்களுக்கு உரியது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல கோயில்களில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் ஃபாதர் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார்.

செபமெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த மணிதான். மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், மணி அடித்தது. "இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டு வருகிறேன்" என்றேன். வயதான சிஸ்டர் ஒருவர் கத்தியை வாங்கி வைத்துவிட்டு, "வெங்காயம் எங்கேயும் ஓடாது, டீச்சர்" என்றார். மணிச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு விரைந்து வர வேண்டும் என்று புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டிலேயே மடத்து ஒழுங்கில் எழுதிவிட்டார். உன் சிஸ்டர்மார் அவர் மடத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பழக்கம் மற்ற பல சபைகளுக்கும் பரவிவிட்டது. தோட்டத்தில் பிறந்த நமக்கு மணி என்றால் பெரட்டு மணி. இருட்டில் எழுந்து வேலைக்கு ஓட வேண்டும். அங்கே அடிப்பதோ வேலையை விடச் சொல்லும் மணி. பாதி துடைத்த தரையை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே வரவில்லை. உனக்கும் வராது, பார்.

இன்னொன்று, உன்னை விருந்தாளியாக நாற்காலியில் உட்காரவைக்க மாட்டார்கள். சட்டி கழுவ வேண்டியிருக்கும். காலையில் பசியாறியதும் அவரவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்: பாலர் பள்ளி, படுக்கையில் கிடக்கும் நோயாளிகள், டியூஷன் பிள்ளைகள். கூடப் போவாயா என்று கேட்டால் போ. வீட்டிலேயே இருந்தால் ஒன்றும் தெரியாது.

சாப்பாடு நம் சாப்பாடுதான். சோறு, ரசம், கங்கோங், நெத்திலி சம்பல். ஆனால் வெள்ளிக்கிழமை சைவம் என்று நம்பி உட்காராதே. அவர்கள் வெள்ளியில் விலக்குவது இறைச்சியை, மீனை அல்ல. தட்டில் கெம்போங் பொரியல் வந்து விழும். முதல் நாளே சமையல்கட்டில் சொல்லிவிடு.

இரவில் கடைசிச் செபம் முடிந்தால் பேச்சு கிடையாது. நான் தங்கிய வீட்டில் வயதான சிஸ்டர்மார் கிருபைதயாபத்து என்ற மாதா செபத்தைத் தமிழில் சொல்லிவிட்டுப் படுக்கப் போவார்கள். கைப்பேசியை அப்போதே அமத்திவிடு. காசு இவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு (சத்தியம்) கொடுத்தவர்கள் அவர்கள்; சம்பளம் வாங்குகிறவர் சம்பளமும் பொதுப் பணத்தில்தான் சேரும். புறப்படும்போது முடிந்ததை உறையில் போட்டுக் கொடு. அரிசி மூட்டை, மைலோ வாங்கிப் போனாலும் சந்தோஷப்படுவார்கள்.

கேள்வி: மிஷனரிமார் முதலில் வந்தது தோட்டத்துக்கா, பட்டணத்துக்கா?
- வாசகர், பாரிட் புந்தார்

பதில்: சிஸ்டர்மார் பட்டணத்துக்கு. குழந்தை இயேசு சபையார் 1852ல் பினாங்கு வந்து லைட் ஸ்ட்ரீட் கான்வெண்ட்டைத் தொடங்கினார்கள். கனோசா சபையார் 1905ல் மலாக்கா வந்தார்கள். ஆனால் உங்கள் பக்கத்து ஊரான பாகான் செராய் கதை வேறு. பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் ஃபாதர் ரெனே ஃபே 1880களில் அங்கே நிலம் வாங்கித் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றினார். சூசையப்பர் பெயரில் குடியிருப்பு வளர்ந்தது. அவரே 1896ல் மலாக்கா ஆயரானார்.

கேள்வி: நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். கல்லூரியில் படிக்கும் ஒரே மகள் கன்னியர் மடத்தில் சில நாள் தங்கிவிட்டு வந்து, சிஸ்டராகப் போகிறேன் என்கிறாள். அவள் அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். அவளைத் தடுக்கலாமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, நீங்கள் தடுப்பதற்கு முன்னால் திருச்சபையே நிறையத் தடை வைத்திருக்கிறது. முதலில் சில காலம் கூட இருந்து பார்க்க வேண்டும். அப்புறம் நவதுறவு என்ற பயிற்சிக் காலம், அது குறைந்தது 12 மாதம். அது முடிந்தால் தற்காலிக வார்த்தைப்பாடு, குறைந்தது மூன்று வருடத்துக்கு. நிரந்தர வார்த்தைப்பாடு 21 வயதுக்கு முன் கொடுக்கவே முடியாது. நவதுறவில் எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் வீட்டுக்கு வரலாம்; தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடியும்போதும் வேண்டாம் என்று வந்துவிடலாம். வந்தவர்கள் பலர் கல்யாணம் கட்டிப் பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஊர் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. திரும்பி வந்தால் என்ன சொல்வார்களோ என்ற பயத்திலேயே ஒரு பெண் உள்ளே உட்கார்ந்துவிடக் கூடாது இல்லையா?

உங்கள் வீட்டம்மாவின் அழுகைக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒரே பிள்ளை என்றால் யாருக்கும் வலிக்கும். ஆனால் மகளிடம் சண்டை போடுவதை விட்டுவிட்டு மூவரும் சேர்ந்து மடத்துத் தலைவியான மதரைப் போய்ப் பாருங்கள். படிப்பை முடித்துவிட்டு வரச் சொல்வார்களா, எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள், வீட்டுக்கு எத்தனை நாள் விடுப்பு, உங்களுக்கு முடியாமல் போனால் வந்து பார்க்க விடுவார்களா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். சபைக்குச் சபை பதில் மாறும். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அதில் பாதியை அவளே இன்னும் கேட்டிருக்க மாட்டாள்.